மாசி நிலாவில் ஒரு பானைச் சோறு

எங்கள் கல்லூரியில் முத்தமிழ் மன்றம் என்றால் மேடைதான். குத்துவிளக்கு, பொன்னாடை, தலைமையுரை, சிறப்புரை, பட்டிமன்றம், நன்றியுரை. பேசுகிறவர்கள் எப்போதும் அதே நாலைந்து பேர். கமுதியிலிருந்தும் சாயல்குடியிலிருந்தும் பஸ் ஏறி ராமநாதபுரம் வந்து படித்தவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவார்கள். பஸ் நேரம் நெருங்கினால் எழுந்து ஓடுவார்கள். மூன்று வருஷம் மன்றத்தில் இருந்தும் ஒருவர் ஊரை ஒருவருக்குத் தெரியாது.

1993 தொடக்கத்தில் அந்தக் கைதட்டலும் குறைந்துபோயிருந்தது. முந்தைய டிசம்பர் 6-இல் பாபர் மசூதி இடிக்கப்பட்ட பிறகு யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. மத்தியானம் டிபன் பாக்ஸ்களை ஒன்றாகத் திறப்பது மட்டும் நின்றுவிட்டது. கீழக்கரைப் பெண்களுக்கு ஒரு மரத்தடி, மற்றவர்களுக்கு இன்னொன்று. யாரும் சொல்லி நடந்ததல்ல என்பதால்தான் அதிகம் உறுத்தியது.

நிலாச்சோறு யோசனையைச் சொன்னவன் அதுவரை மன்றத்தில் வாயே திறக்காத தங்கச்சிமடத்துப் பையன். "எங்க ஊர்க் கரைக்கு வாங்க. மைக்கெல்லாம் வேணாம். சோறாக்கித் தின்னுட்டுப் பேசிக்கிட்டு இருப்போம்."

என் சித்தப்பா காலத்தில் இதை நினைத்தே பார்த்திருக்க முடியாது. தங்கச்சிமடம் இருக்கும் ராமேஸ்வரம் தீவுக்குள் போக 1914-இல் திறந்த ரயில் பாலம் ஒன்றுதான் வழி. ரயில் எப்போதோ அப்போதுதான் பயணம். 1988-இல் சாலைப் பாலம் திறந்த பிறகுதான் சாயங்காலம் போய் இரவே திரும்பலாம் என்ற நிலை வந்தது. பாம்பன் பாலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் கடலையும் தூக்குப் பாலத்தையும் எழுதுகிறார்கள். எனக்கு அது கடைசி பஸ் போகிற பாலம்.

நாள் குறிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ரமலான் நோன்பு தொடங்கிவிட்டது. கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலமும் அதே வாரத்தில் தொடங்கியிருந்தது. நோன்பு முடியட்டும் என்றார்கள் சிலர்; அதற்குள் தேர்வு வந்துவிடும் என்றார்கள் சிலர். கீழக்கரை அக்கா ஒருத்தர் முடித்து வைத்தார்: "நோம்புலயே வைங்க தம்பி. பொழுது சாய நாங்க நோம்பு தெறப்போம். நீங்களும் கூட உக்காருங்க." பிறை பார்த்துத் தொடங்குகிற மாதம், ஆகவே பாதி நோன்பில் முழுநிலா தானாக வந்துவிடும். மார்ச் 8, திங்கட்கிழமை பௌர்ணமி. முதல் நாள் ஞாயிறு, படகு போகாது. போனாலும் நிலாக் காலத்தில் வலையில் மீன் விழாது என்றான் தங்கச்சிமடத்தான். மாசி மாதத்து வடகடலும் குளம்போலக் கிடக்கும். ஞாயிறே முடிவானது.

பெண்பிள்ளைகளை இரவில் அனுப்ப ஒரு வீடும் சம்மதிக்கவில்லை. அம்மாக்களையும் கூட்டிவரச் சொன்னோம். உம்மாக்கள், அம்மாக்கள், முதுகுளத்தூர்ப் பக்கத்து அப்பத்தா ஒருவர். அரிவாள்மனையைச் சுற்றி உட்கார்ந்து கத்தரிக்காயும் முருங்கைக்காயும் நறுக்கியபடி எங்களுக்கு முன்பே அவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

பானையில் என்ன வேகும் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று இருந்தேன். அரிசி, பருப்பு, காய், முண்டு மிளகாய் போட்ட கூட்டாஞ்சோறு. இறைச்சி இல்லை, மீனும் இல்லை. கடற்கரையில் மீன் இல்லாத சோறா என்று முணுமுணுத்தவர்களுக்குத் தனியே ஓர் அடுப்பு. ஒரே பானையிலிருந்து எல்லாருக்கும் விழ வேண்டும், கை நீட்ட யாரும் தயங்கக் கூடாது. 1957-இல் சாதிக் கலவரம் நடந்த முதுகுளத்தூர்ச் சீமையில் யார் கையால் யார் சாப்பிடுவது என்பது சின்ன விஷயம் இல்லை.

பல வருஷம் கழித்து அப்துல் கலாமின் அக்னிச் சிறகுகள் படித்தபோது அந்தப் பானை நினைவுக்கு வந்தது. ராமேஸ்வரத்தில் அவருடைய அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், சிறுவன் கலாமை வீட்டுக்குச் சாப்பிட அழைக்கிறார். சமையலறையில் ஒரு முஸ்லிம் பையனுக்குப் பரிமாற மனைவி மறுக்கிறார். ஐயர் தானே பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். அடுத்த வாரமும் வா என்கிறார். இரண்டாம் முறை அந்த அம்மாளே உள்ளே அழைத்துத் தன் கையால் பரிமாறுகிறார். எனக்கு அந்த இரண்டாவது அழைப்புதான் பெரிது. அதே கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி விடுதியில் சைவ மெஸ் செயலாளராக இருந்தபோது, மாணவர்கள் தங்கள் தங்கள் ஊர்ப் பதார்த்தங்களைச் செய்து, பாதிரியாரான தலைவரை ஞாயிறு விருந்துக்கு அழைத்திருக்கிறார்கள்.

எங்கள் நிலாச்சோற்று நாளில் தண்ணீர் போதவில்லை. கொண்டுபோன குடங்கள் உலைக்கே சரியாகிவிட்டன. தங்கச்சிமடத்தான் கரையிலிருந்து கொஞ்சம் மேடேறி, தென்னைகளுக்கு அருகே முழங்கை ஆழம் மணலைத் தோண்டினான். அடியில் ஈரம் கறுத்தது, பிறகு கலங்கலாக நீர் ஊறியது. முதலில் ஊறியதைச் சிரட்டையால் மொண்டு வெளியே இறைத்தான், மறுபடி இறைத்தான், பிறகு சும்மா இருந்தான். குழியின் ஓரத்து மணல் சரிந்து நின்றதும் நீர் தெளிந்தது. உப்பே இல்லை. கூப்பிடு தூரத்தில் கடல். ராமன் வில்லை ஊன்றிச் சீதைக்கு நல்ல தண்ணீர் எடுத்ததாகச் சொல்லும் வில்லூண்டி தீர்த்தம் அதே ஊரில்தான் இருக்கிறது. அந்தக் கதை எப்படிப் பிறந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது. கமுதிக்காரி ஒருத்தி இரண்டு கையாலும் ஏந்திக் குடித்துவிட்டு, "எங்க ஊர்ல நூறடி தோண்டினாலும் உப்புத்தான்" என்றாள். மன்றத்தில் அவள் குரலை நான் கேட்டது அதுவே முதல் முறை.

பாம்பன் பள்ளிவாசலிலிருந்து தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வந்தது. பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழம், கஞ்சி, பிறகு தொழுகை. மற்றவர்கள் யாரும் சொல்லாமலே அதுவரை காத்திருந்தோம். சோறு அதற்குப் பிறகுதான்.

நிகழ்ச்சி நிரல் என்று எதுவும் இல்லை. விடுகதை ஓடியது, வலை இழுக்கும்போது பாடும் அம்பாவை ஒரு மாமா இரண்டு அடி எடுத்துக்கொடுத்தார். பிறகு தங்கச்சிமடத்தானின் பாட்டி பேசினார். தனுஷ்கோடியில் வாழ்ந்தவர். 1964 டிசம்பர் புயலைப் பற்றிக் கேட்டோம். அவர் அதைச் சொல்லவில்லை. போட் மெயில் வந்து நிற்பது, தலைமன்னார்க் கப்பலுக்கு ஜனங்கள் இறங்கி நடப்பது, ஸ்டேஷனில் மீன் விற்ற காசில் வளையல் வாங்கியது என்று ஓர் ஊரை முழுதாக எங்கள் முன் வைத்தார். கீழக்கரை உம்மா ஒருவர் தன் வாப்பா அந்தக் கப்பலில் போய்வந்ததைச் சொல்ல, இரண்டு கிழவிகளும் எங்களை மறந்துவிட்டார்கள்.

திங்கட்கிழமையே எல்லாம் மாறிவிடவில்லை. மரத்தடிகள் இரண்டாகத்தான் இருந்தன. பெருநாள் முடிந்து கீழக்கரையிலிருந்து தொதல் வந்தபோது, டப்பா முதலில் எங்கள் மரத்தடிக்கு வந்தது. அடுத்த ஆண்டு மன்றச் செயலாளர் அந்தக் கமுதிக்காரி.

போன மாதம் அக்கா மகள் தன் கல்லூரி மன்ற விழாவுக்கான செலவுக் கணக்கைக் காட்டினாள். ஒலி, ஒளி, பிளெக்ஸ், நினைவுப் பரிசு. விழா நடக்கட்டும், அதற்கு முன் ஒரு சாயங்காலம் இப்படிக் கூடுங்கள் மாமாவுக்காக என்றேன். என்ன ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டாள். யார் எதைச் சாப்பிடமாட்டார்கள், யார் வீட்டில் அம்மா வர முடியும், யாருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டு எழுதிவரச் சொன்னேன்.