ஐம்பதுக்கு மேல் கேட்கும் குரல்

“அம்மாவுக்கு அறளை பெயர்ந்திட்டுது டொக்டர்.” ஆனையிறவு, பளை, பரந்தன் பக்கமிருந்து கிளிநொச்சி மனநலக் கிளினிக்குக்குத் தாயைக் கூட்டிவரும் பிள்ளைகள் பெரும்பாலும் இப்படித்தான், முதுமை மறதி என்றே, தொடங்குவார்கள். பக்கத்து வளவில் நின்று தன்னைப் பற்றிக் கதைக்கிறார்கள், கிணற்றில் ஏதோ கலக்கிறார்கள் என்று அந்தத் தாய் சொல்லுவார். அதே தாய் கிளினிக் கொப்பியை மறக்காமல் கொண்டு வந்திருப்பார். பஸ்ஸில் மிச்சக் காசையும் எண்ணி வாங்கியிருப்பார். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதைக் கவனிப்பதில்தான் என் வேலை தொடங்குகிறது.

அந்தத் தாய்க்கு இருப்பது மனச்சிதைவாக இருக்கலாம். ஆனால் அது இளவயதில் வரும் நோய் என்ற எண்ணம் வைத்தியர்களிடமும் ஊறிப்போனது. நாற்பதுக்குப் பிறகும் அது தொடங்கும் என்று மன்ஃபிரெட் புளொய்லர் 1943இலேயே எழுதினார். 2000இல் வெளியான சர்வதேச வல்லுநர் குழுவின் அறிக்கை, நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் தொடங்குவதை ஒரு வகையாகவும், அறுபதுக்குப் பின் வருவதை வேறாகவும் பிரித்தது. பாதிக்கப்படுவோரில் பெண்களே அதிகம். பேச்சுச் சிதறுவதும் உணர்ச்சி வற்றிப்போவதும் இளையோரைவிடக் குறைவு. மேல்நாட்டு நூல்களில் அயல்வீட்டுச் சுவரூடாகப் புகையும் குரலும் வருவதாகச் சொல்லுகிறார்கள். இங்கே அவை வேலியால் வருகின்றன.

ஆனால் வன்னியில் ஒருவர் “என்னைப் பார்த்துக்கொண்டு நிக்கிறாங்கள்” என்றால், அதை உடனே மாயை என்று எழுத எனக்குக் கை வராது. விசாரிக்க ஆள் வந்த வீடுகள் இங்கே உண்மையாகவே இருக்கின்றன. கிராம அலுவலரிடமும் அயலவரிடமும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் குரலைத் தாய் கேட்பது இன்னொன்று. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் தொடங்கிய போராட்டத்தில் பிள்ளைகளின் படங்களோடு இருந்த தாய்மாரை ஊரே அறியும். இரவில் மகன் “அம்மா” என்று கூப்பிட்டது கேட்டால் அது துக்கம். அதற்கு மனச்சிதைவு என்று பெயர் வைத்து மருந்து கொடுப்பது கொடுமை. மகன் கூப்பிடுகிறானா, அல்லது முகம் தெரியாத பலர் சேர்ந்து ஏசுகிறார்களா என்று பொறுமையாகக் கேட்டால் வேறுபாடு தெரியவரும்.

அடுத்தது காது. கேள்விக்குறைவு இந்த நோயோடு சேர்ந்து வருவது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. 1991இலும் 2000இலும் ஆனையிறவில் நடந்த சண்டைகளின் ஷெல்லடிக்குள் இருந்தவர்களின் காதை நான் பார்க்காமல் விடுவதில்லை. அரைகுறையாகக் கேட்கும் பேச்சைத் தன்மீதான வசையாக மனம் நிரப்பிக்கொள்ளும். காதுக்குடுமியை எடுப்பதும் கேட்கும் கருவி கிடைக்கச் செய்வதும்கூட மனநல சிகிச்சைதான்.

பிறகு அறிவாற்றலைச் சோதிக்க வேண்டும். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவரிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வதில் அர்த்தமில்லை. வற்றாப்பளைக் கோவில் பொங்கல் எந்த மாதம், புளியம்பொக்கணைப் பொங்கலுக்கு யாரோடு போனீர்கள் என்று கேட்பேன். உப்பளத்தில் வேலை செய்தவரிடம், தண்ணீர் விடுவதிலிருந்து உப்பு வாரிக் குவிப்பதுவரை ஒழுங்காகச் சொல்லச் சொல்லுவேன். 2009இல் போருக்குள் இடம்பெயர்ந்த வழியைச் சொல்லச் சொன்னால் நினைவு நன்றாகத் தெரியும்தான். அதை ஒருபோதும் சோதனையாகக் கேட்பதில்லை.

தாமதமாகத் தொடங்கிய மனச்சிதைவில் விடை மெதுவாக வரும். ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்கு மாறுவதும், திட்டமிடுவதும் தடுமாறும். புதிதாக ஒன்றைக் கற்கக் கொஞ்சம் நேரம் எடுத்தாலும், கற்றது பெரும்பாலும் தங்கும். அல்சைமரிலோ சற்று முன் சொன்ன மூன்று சொல்லும் போன இடம் தெரியாது. நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் நோய் தொடங்கியவர்களுக்கு இந்தக் குறைபாடு ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போவதில்லை. அறுபதுக்குப் பின் தொடங்கியவர்களில் ஒரு பகுதியினருக்குப் பிறகு மறதி நோய் வருகிறது. அதனால் அவர்களை மறுபடி மறுபடி சோதிக்க வேண்டும். ஒருநாள் பார்த்து முத்திரை குத்த முடியாது.

ஸ்கேனில் மூளையின் உள்ளறைகள் சற்று விரிந்திருக்கலாம். இளவயது நோயாளரிலும் அப்படித்தான். அந்தப் படத்தைப் பார்த்து மனச்சிதைவு என்று சொல்ல முடியாது. கட்டி, இரத்தக்கசிவு, அடைத்த சிறு இரத்தக்குழாய்கள் இருக்கின்றனவா என்று பார்க்கவே அது வேண்டும். இரண்டு நாளுக்குள் திடீரென்று குழம்பியவருக்கு முதலில் சிறுநீரையும் இரத்தத்தில் சோடியத்தையும் பாருங்கள். தெளிவான உருவங்களைக் காண்பவர், நடை தளர்ந்தவர் என்றால் லூயி உடல் மறதி நோயாக இருக்கலாம். அவருக்கு ஹலோபெரிடோல் ஆபத்து.

மருந்தைக் குறைவாகத் தொடங்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பிரித்தானியாவில் அறுபது தாண்டியவர்களிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் அமிசல்பிரைட்டே போலிமாத்திரையைவிட நன்றாக உதவியது. இளையோருக்குப் பொதுவாகக் கொடுப்பது 400 முதல் 800 வரை. இத்தகைய மருந்துகளால் வரும் உடல் இறுக்கத்துக்கென்று பழக்கத்தில் சேர்த்து எழுதும் பென்ஸ்ஹெக்ஸோல் முதியவரின் நினைவை மங்கச் செய்யும். பிறகு அந்த மங்கலையும் நோயின் கணக்கில் எழுதிவிடுகிறோம். கொப்பியில் அந்தப் பெயரைக் கண்டால், இன்னும் தேவைதானா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

ஐம்பதைத் தாண்டிய உங்கள் தாயோ தகப்பனோ புதிதாகக் குரல் கேட்கிறது என்றால், அறளை என்றோ செய்வினை என்றோ வீட்டுக்குள் வைத்திருக்காதீர்கள். குடிக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வாருங்கள். குரல்கள் அடங்கித் திரும்பவும் தன் அடுப்பையும் கோழிகளையும் பார்த்துக்கொள்பவர்கள் பலர்.