மரக்காணத்திலிருந்து நாடகம் பார்க்க

சித்திரையில் எங்கள் மரக்காணத்தில் உப்பு நன்றாக விளையும். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது என்பதால் விடிவதற்கு முன்பே ஆட்கள் இறங்கிவிடுவார்கள். சுற்றுவட்டாரத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடப்பதும் அதையொட்டிய மாதங்களில்தான். இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கும் கூத்தைப் பார்த்துவிட்டு, தூங்காமல் நேரே உப்பளத்துக்குப் போகிறவர்களைச் சிறுவயதிலிருந்தே பார்த்து வளர்ந்தேன். கல்யாண முருங்கைக் கட்டையில் செய்து கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம், இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னாலிருந்து முதலில் கேட்கும் சலங்கை, ஊர்ப் பெரியவர்களையே வம்புக்கு இழுக்கும் கட்டியக்காரன். நாடகம் என்றால் எனக்கு இவைதான்.

சென்னையில் மேடை நாடகம் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் பிடித்தால் திருவான்மியூரில் இறங்கிவிடலாம். அங்கிருந்து எங்கே போவது என்பதுதான் கேள்வி. சென்னையில் நாடகத்துக்கென்று ஒரு தெருவோ பேட்டையோ கிடையாது. இந்த வாரம் எழும்பூர் மியூசியம் தியேட்டர், அடுத்த வாரம் நுங்கம்பாக்கம் அலையன்ஸ் பிரான்சேஸ், இன்னொரு நாள் பெசன்ட் நகரில் நடனக் கலைஞர் சந்திரலேகாவின் ஸ்பேசஸ், வேறொரு நாள் ஏதோ ஒரு சபா. தமிழ் நாடகம் பார்ப்பவர்கள் ஒரு வட்டம். 1955இல் தொடங்கிய மெட்ராஸ் பிளேயர்ஸ் போன்ற ஆங்கிலக் குழுக்களுக்கு வேறொரு வட்டம். ஒரு வட்டத்தாருக்கு மற்றதில் நடப்பது பெரும்பாலும் தெரிவதில்லை.

முதலில் போனது மியூசியம் தியேட்டருக்கு. 1896இல் கட்டியது. உள்ளே இருக்கைகள் வளைவாகப் படிப்படியாக ஏறிப்போகின்றன. மேடையில் நின்றவர் குரலைத் தாழ்த்திப் பேசியபோதும் மேலே இருந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. வாசலில் என் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தவர் முக்கால் மணி நேரம் கழித்து நரைத்த மீசையோடு கதாநாயகியின் அப்பாவாக வந்து நின்றார். நாடகம் முடிந்ததும் அவரே துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். டீக்கடையில் பேச்சுக் கொடுத்தேன்.

"இன்னும் எத்தன நாள் சார் போடுவீங்க?"

"நாளைக்கு ஒரு ஷோ. அதோட சரி தம்பி. ஹால் வாடகை, லைட் வாடகை எல்லாம் நாங்களேதான் போடுறோம். மூணு மாசம் ஒத்திகை பார்த்தோம்."

மூன்று மாத உழைப்புக்கு இரண்டு மாலைகள். நகரத்து நாடகத்தை நான் புரிந்துகொள்ளத் தொடங்கியது அந்த டீக்கடையில்தான். எங்கள் பக்கத்தில் கூத்து வைப்பது ஊர். வீட்டுக்கு இவ்வளவு என்று வரி வசூலித்து, வெற்றிலை பாக்கு வைத்துக் கூத்துக் குழுவான ஜமாவை அழைத்து, அதன் வாத்தியாருக்குத் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து, எந்த நாள் அர்ச்சுனன் தபசு, எந்த நாள் படுகளம் என்பதையும் முன்கூட்டியே பேசி முடித்துவிடும். சென்னையில் குழுவை அழைக்க யாரும் இல்லை. குழு தானே கூடம் பிடித்து, தானே விளம்பரம் செய்து, பார்வையாளரையும் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். நாடகம் நடத்துவது படித்தவர்கள் வெட்கப்பட வேண்டிய வேலை இல்லை என்று நிலைநாட்டிய சபை அது. பின்னால் வந்த சபாக்கள் உறுப்பினர்களிடம் சந்தா வாங்கி நாடகக் குழுக்களை வரவழைத்தன. சந்தா என்பது நகரத்தின் கூத்து வரி என்றே நினைக்கிறேன். 1952இல் தொடங்கிய ஒய்.ஜி. பார்த்தசாரதியின் யு.ஏ.ஏ. குழு, கே. பாலசந்தர், சோ, கிரேசி மோகன் என்று வரிசையாக வந்தவர்கள் அந்தச் சந்தாவின் நிழலில் வளர்ந்தவர்கள். சபா நாடகம் வெறும் துணுக்குத் தோரணம் என்று தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சோவின் 'முகமது பின் துக்ளக்' 1968இல் அந்த மேடைகளில்தான் ஆட்சியாளர்களைச் சீண்டியது. தொலைக்காட்சித் தொடர்கள் மாலைப் பொழுதைப் பிடித்துக்கொண்ட பிறகு சபாக்களில் நாடகக் கூட்டம் தேய்ந்தது. கார்த்திக் பைன் ஆர்ட்ஸ் இன்றும் ஏப்ரல், மே மாதங்களில் கோடை நாடக விழா நடத்துகிறது. முதல் தடவை போகிறவர்கள் அந்தச் சமயத்தில் போவது நல்லது. மார்கழியில் கூடங்களெல்லாம் கச்சேரிக்குப் போய்விடும்.

கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நாடகத்துக்கும் வேறொரு உறவும் உண்டு. பஸ் கடந்துபோகும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில்தான் 1980இல் வங்காளத்துப் பாதல் சர்க்கார் நாடகப் பட்டறை நடத்தினார். மேடை, விளக்கு, ஒப்பனை எதுவுமில்லாமல் நாடகம் போடலாம் என்ற துணிச்சல் அங்கிருந்து பலருக்குக் கிடைத்தது. தெற்கே புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இலிருந்து உறங்குகிறார். ந. முத்துசாமியின் கதை எனக்கு எல்லாவற்றையும்விட நெருக்கமானது. எழுத்தாளராகச் சென்னையில் இருந்தவர், 1970களில் புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்தார். அது அவரை ஆட்டிவிட்டது. 1977இல் அவருடைய நாடகக் குழுவான கூத்துப்பட்டறை பிறந்தது. புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் நகரத்து நடிகர்களுக்குக் கூத்து அடவு கற்றுக்கொடுத்தார். நான் இங்கிருந்து அங்கே போனதுபோல் முத்துசாமி அங்கிருந்து இந்தப் பக்கம் வந்தார்.

சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் எங்கள் மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் வறிய பாணனுக்கு நல்லியக்கோடனிடம் போக வழி சொல்லும் பாட்டு. எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும் என்பதுவரை அதில் இருக்கிறது. கலைஞனுக்குச் சோறு போடும் ஊர் என்று நூல் சொல்லும் இடத்தில் பிறந்தவன் என்ற எண்ணம் அந்த டீக்கடைப் பேச்சுக்குப் பிறகு என்னை விடவில்லை.

ஊர் திரும்பிப் பார்த்ததையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். கூத்துக்கு வரி வசூலிக்கிறவர்களில் அவரும் ஒருவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "அவங்கள யாருமே கூப்பிடலியாடா?" என்றார். கதை என்ன, யார் நடித்தார்கள் என்றெல்லாம் பிறகுதான் கேட்டார். அடுத்த ஊர்க் கூட்டத்தில் அவரே எழுந்து பேசினார். திருவிழாவில் ஒரு நாள், கூத்து தொடங்கும் முன் எட்டு மணியிலிருந்து பத்து மணிவரை சென்னைக் குழுவுக்குக் களம் கொடுக்கலாம், சாப்பாடும் வண்டிச் செலவும் ஊர்ப் பொறுப்பு என்று முடிவானது. புரியாவிட்டால் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்களே என்று ஒருவர் கேட்டார். "போனா என்ன, பத்து மணிக்குத் திரும்பி வருவாங்க இல்ல" என்றார் சித்தப்பா. டிக்கெட் கிழித்தவரின் எண் என்னிடம் இருந்தது. வெற்றிலை பாக்கோடு நேரில் போய் அழைப்பதுதான் முறை என்று சொல்லி, அடுத்த பஸ்ஸுக்குச் சித்தப்பாவும் என்னோடு கிளம்பிவிட்டார்.