விகாரி வருஷம், மாசி மாதம்

மாத்தளை மலைச்சரிவுகளில் முதன்முதலாகக் காடு வெட்டிக் கோப்பி பயிரிட்டவர் யாரென்று நூல்நிலையத்தில் தேடப் புகுந்தால், கைக்குக் கிடைப்பவை எல்லாம் துரைமாருடைய பெயர்களே. பெர்குசன் டிரெக்டரியைப் புரட்டினால் தோட்டத்தின் பெயர், அதன் ஏக்கர் அளவு, உடைமையாளர் இன்னார், மேற்பார்வை செய்யும் துரை இன்னார் என்று வரிசையாக அச்சிட்டிருக்கும். அவர்களுள் இம்மண்ணிலேயே மாண்டு புதைந்த பலரின் கல்லறை வாசகங்களை, சிவில் சேவை உத்தியோகஸ்தரான ஜே. பென்றி லூயிஸ் ஊர் ஊராகத் திரட்டி, 1913-ஆம் ஆண்டில் ஒரு நூலாகவே வெளியிட்டிருக்கிறார். ஆனால் கோடரி பிடித்த கை யாருடையது, நாற்றுக்குழி தோண்டியவன் எந்தச் சீமையிலிருந்து வந்தவன், அவன் மனைவியின் பெயர் என்ன, எத்தனை பிள்ளைகளை அவள் அந்தக் குளிரில் பறிகொடுத்தாள் என்னும் விவரங்களை அந்நூல்கள் சொல்வதில்லை. பள்ளத்தாக்குகளில் தொன்றுதொட்டு நெல் விளைத்த சிங்களக் கிராமத்தாருக்கு அடுத்தபடியாக, அந்த மலைகளைப் பண்படுத்திய குடிகள் என்னும் பெருமை கூலிகளாய் வந்த எங்கள் முன்னோருக்கே உரியது என்பது என் உறுதியான எண்ணம். அவர்களில் என் குடும்பத்தாரின் சுவடு ஏதேனும் எழுத்தில் எஞ்சியிருக்கிறதா என்று பார்க்கவே, நெடுங்காலத்துக்குப் பின் நான் பிறந்த ஊருக்குப் போனேன்.

நாங்கள் ஊரைவிட்டுப் புறப்பட்டது 1975-இல். 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோ அம்மையாரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று எங்கள் ஜனங்களைப் பங்கிட்டார்கள். மிஞ்சிய 1,50,000 பேரையும் 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அந்தப் பங்கீட்டில் எங்கள் குடும்பம் அக்கரைக்கு விழுந்தது. குடும்ப அட்டையைத் துணியில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு என் தகப்பனார் முன்னே செல்ல, நாங்கள் கோச்சியேறித் தலைமன்னார் போய், இராமானுஜம் கப்பலில் இராமேசுவரம் சேர்ந்து, மண்டபம் முகாமில் சில காலம் கிடந்து, கடைசியில் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் அரசாங்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மறுபடியும் ஒரு லயத்து அறைக்குள்ளேயே குடியேறினோம். தாயகம் திரும்பியோர் என்று அங்கே எங்களுக்குப் பெயர். எனக்கு அறிமுகமே இல்லாத ஒரு தேசத்துக்கு நான் திரும்பியதாக எழுதிக்கொண்டார்கள்.

இந்தத் தடவை கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்து மாத்தளையில் திருக்கோணமலை வீதியில் இறங்கியபோது, கடைப் பலகைகளில் நான் வாசித்துப் பழகிய பெயர்களில் ஒன்றுகூட எஞ்சியிருக்கவில்லை. 1983 ஜூலையில் எரிந்துபோனவை அவை என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். முத்துமாரியம்மன் கோயிலையும் அந்தத் தீ விட்டுவைக்கவில்லை. ஆயினும் இப்போது அங்கே 108 அடி உயரத்தில் இராஜகோபுரம் எழுந்து நிற்கிறது. மாசிமகத்தன்று ஐந்து தேர்களும் முன்போலவே வீதிவலம் வருகின்றன. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் பொருளுதவியால் 1874-இல் எடுப்பிக்கப்பட்ட அந்த ஆலயம், காட்டுவழியில் அம்மைக்கும் பேதிக்கும் தப்பி உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் முதன்முதல் விழுந்து கும்பிட்ட இடம் என்று எங்கள் முதியோர் சொல்வதுண்டு.

அந்தக் காட்டுவழியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். புதுக்கோட்டை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய சீமைகளில் பஞ்சத்துக்கும் கடனுக்கும் ஆற்றாமல் கிளம்பியவர்கள், தோணியில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து வறண்ட வன்னிக் காட்டினூடே தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளை வரையிலும் கால்நடையாகவே வந்தார்கள். நீருக்குக் குட்டை, நிழலுக்கு மரம், காவலுக்குக் கங்காணி என்பதைத் தவிர வேறு துணை அவர்களுக்கு இல்லை. காய்ச்சல் கண்டவனை அடுத்திருந்த மரத்தடியில் விட்டு மற்றவர்கள் மேலே நடக்கும்படியாகவும் நேர்ந்தது. 1840-களில் மாத்திரம் ஏறத்தாழ 70,000 பேர் இவ்வாறு மாண்டிருக்கலாம் என்று அக்காலத்துக் கொழும்பு அப்சர்வர் பத்திரிகை 1849-இல் மதிப்பிட்டது. எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் முன்னோருக்குப் படைக்கும்போது, பெயர் சொல்லாமல் ஓர் இலை தனியாகப் போடுவது வழக்கம். நாலந்தைக்கு இப்பால் வழியிலேயே இறந்துபோன ஒரு பாட்டிக்கு அது என்று என் தாயார் சொல்வார்கள். 2023-இல், மலையக மக்களின் இருநூறாண்டு நினைவாக, ஜூலை 28 அன்று தலைமன்னாரில் புறப்பட்டு ஆகஸ்டு 12 அன்று மாத்தளையில் முடிந்த நடைபயணத்தில், அதே பாதையில் இளைஞர்களும் பெண்களும் நடந்து வந்தார்கள் என்ற செய்தியைக் கோத்தகிரியில் இருந்தபடி படித்த அன்றுதான், இனியும் இந்தப் பிரயாணத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்று தீர்மானித்தேன்.

ஜனத்தொகைக் கணக்கிலிருந்து தொடங்கினேன். இலங்கை முழுமைக்கும் முதலாவது குடிசன மதிப்பு நடந்தது 1871-இல். அப்போது தீவின் மொத்த ஜனம் 24,00,380. 1901-ஆம் ஆண்டுக் கணக்கை நடத்தி, அதன் விரிவான அறிக்கையை எழுதியவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். நம்மவர் ஒருவரின் புத்தியும் உழைப்பும் அந்த அறிக்கையில் துலங்குவதைக் காண எனக்குப் பெருமையாகவே இருந்தது. 1911-இல்தான் தமிழரை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரு கூறாக்கி எண்ணினார்கள். இரண்டும் ஏறக்குறையச் சமமாக, முன்னவர் 5,28,000, பின்னவர் 5,31,000 என்று வந்தன. பிற்பாடு 1971-இல் 11,74,000-க்கு மேல் இருந்த இந்தியத் தமிழர் தொகை 1981-இல் 8,18,656 ஆகக் குறைந்தது. நான் பிறந்த லயம், எதிர் லயம், பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பலகையில் குந்தியிருந்தவர்கள் எல்லாரும் கப்பலேறிய பத்தாண்டு அந்த வித்தியாசத்துக்குள் அடங்கியிருக்கிறது.

ஆயினும் குடிசன மதிப்பின் நூல்களில் தொகை உண்டேயன்றிப் பெயர் இல்லை. ஆண் இத்தனை, பெண் இத்தனை, எழுதப் படிக்கத் தெரிந்தவர் இத்தனை என்பதற்கு மேல் அவற்றிடம் கேட்கக்கூடாது. தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தில் பெயர் இருந்தது. அதிலும், ஒரே தோட்டத்தில் நாலைந்து இராமசாமிகள் இருந்தால் இன்ன கங்காணியின் ஆள் என்பதே அவர்களைப் பிரித்தறியும் அடையாளம். சம்பளத்துக்கும் கடனுக்குமாக எழுதி வைத்த கணக்கே எங்களுக்கு வமிசாவளி ஆயிற்று. அந்தப் புத்தகங்களும் 1972-ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தத்தாலும் 1975-இன் தேசியமயத்தாலும் கைமாறி, 1992-இல் மீண்டும் தனியார் கம்பனிகளின் வசமாகி, இடையிலே எங்கெங்கோ சிதறிப்போயின. கிறிஸ்தவர்களான குடும்பத்தாருக்கு இந்தச் சங்கடம் சற்றுக் குறைவு. 1854-இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனைச் சேர்ந்த உபதேசிமார் ஞானஸ்நானமும் விவாகமும் அடக்கமும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். மாரியம்மனைக் கும்பிட்ட எங்களுக்கு அப்படி ஓர் ஏடு இல்லை.

மரித்தவர்களைத் தேடும் உத்தேசத்தோடு மாத்தளையில் நான் முதலில் போனது மக்டோவல் கோட்டைக்கு. 1803-இல் ஆங்கிலேயர் கட்டிய அந்தக் கோட்டையில் இப்போது வாயிலும் மதிலில் சில பகுதிகளும் மாத்திரமே எஞ்ச, உட்புறம் இடுகாடாகியிருக்கிறது. அங்கே எழுத்துப் பொறித்த கற்கள் உண்டு. எங்கள் தோட்டத்து மயானத்திலோ, மண்மேடும் அதன் தலைமாட்டில் ஊன்றிய ஒரு குரோட்டன் கிளையுமே அடையாளம், அதுவும் நாலு மழைக்குத் தாங்காது. ஒரு தலைமுறை கழிந்தபின் அவ்விடத்திலேயே தேயிலை நட்டுவிட்ட தோட்டங்களும் உண்டு.

ரத்தோட்டையிலிருந்து கம்மடுவைக்கு ஏறும் வழியில் உள்ளது எங்கள் தோட்டம். என் தகப்பனாரின் ஒன்றுவிட்ட தங்கை, இலங்கைக்கு ஒதுக்கிய மூன்று லட்சத்துக்குள் விழுந்தவர், இன்னும் அதே டிவிசனில் இருக்கிறார். பிளேன்டீயை நீட்டிக்கொண்டே அத்தை சொன்னார்: “மருமகனே, ஒங்க பாட்டன் பொறந்த மாசத்துலதான் பெரிய கங்காணி செத்துப்போனாராம். மேல கங்காணி வீட்டுல ஒப்பாரி, கீழ லயத்துல தாலாட்டுன்னு எங்க அப்பாயி சொல்லும்.” இதை நான் முன்பு ஒருபோதும் கேட்டதில்லை. கங்காணியின் சமாதி இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். காமன்பொட்டலுக்கு மேலே, பராமரிப்பின்றிக் காடாய்ப் போன தேயிலை மலையில் இருக்கிறது என்றார்.

அவருடைய பேரனோடு ஏறிப்போனேன். சுண்ணாம்புக் காரை பூசிய ஒரு மேடை, தலைமாட்டில் விளக்கு வைக்க ஒரு மாடம், அதன்கீழ் ஒரு முழ அகலத்தில் ஒரு கருங்கல். பாசி மூடியிருந்த கல்லைப் பையன் தேங்காய்த் தும்பால் நனைத்து நனைத்துத் தேய்க்க, டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நான் எழுத்தெழுத்தாக வாசித்தேன். பெயரின் பிற்பாதி சிதைந்திருந்தது. ஆனால் விகாரி என்பது துலக்கமாயிருந்தது, அதையடுத்து வருஷத்துக்குரிய பழைய சுழிக்குறி, பிறகு மாசி, பிறகு மாதத்துக்குரிய குறி. அவ்வளவுதான். ஆங்கில வருஷம் எழுதியிருக்கவில்லை. விகாரி அறுபது ஆண்டுக்கு ஒரு முறை வருவதாகையால், அந்த மாசி 1900-ஆம் ஆண்டுக்கும் பொருந்தும், 1960-ஆம் ஆண்டுக்கும் பொருந்தும். எழுத்தின் வடிவத்தை வைத்தும் தீர்மானிக்க முடியவில்லை. அத்தையிடம் திரும்பி வந்து கேட்டபோது, தாம் சிறுமியாய் இருக்கையிலேயே அந்த மேடையில் காரை உதிர்ந்து கிடந்தது என்றும், 1958 கலவரத்துக்கு முந்திய வருஷம் அதன்மேல் ஏறி விளையாடி அடி வாங்கியது நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றும் சொன்னார். ஆகவே கங்காணி இறந்ததும் என் பாட்டனார் பிறந்ததும் 1900 பெப்ரவரி நடுவுக்கும் மார்ச் நடுவுக்கும் இடைப்பட்ட காலத்தில் என்பது நிச்சயமாயிற்று.

இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு 1867-இல் தொடங்கியது. என் பாட்டனார் தம் பெயரைச் சொல்லித் தம் பிறப்புப் பதிவைத் தேடச்செய்தபோது, அப்படி ஒரு பதிவே இல்லை என்று பதில் வந்ததாக எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நான் பெயரை விட்டுவிட்டு, காலத்தையும் தோட்டத்தையும் மாத்திரம் குறித்துத் தேடும்படி விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். கிடைத்தது. 1900 மார்ச் மாதத்துப் பதிவு. தோட்டத்தின் பெயர் சரி, தகப்பன் பெயர் சரி, அவர் தொழில் கூலி, தகவல் தந்தவர் தோட்டத்துத் துரை. பிள்ளையின் பெயருக்குரிய கட்டம் வெறுமையாக இருந்தது. பெயரிடுமுன்பே பிறப்பை அறிவித்துவிட்டு, பிற்பாடு பெயரைச் சேர்க்க ஒருவரும் வராத பதிவு அது. பெயரைக் கொண்டு தேடியவர்களுக்கு அது அகப்படாததில் வியப்பில்லை. அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் தாயின் பெயர் இருந்தது. என் கொள்ளுப்பாட்டியின் பெயரை எங்கள் குடும்பத்தில் அதுவரை ஒருவரும் அறிந்திருக்கவில்லை.

அந்தக் காகிதத்தின் பெறுமதி இன்னதென்று சொல்லாவிட்டால் நான் இதை எழுதுவதில் பயனில்லை. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், அதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வமிசாவளிப்படி பிரஜையாவதற்கு, அவர் தந்தை இலங்கையில் பிறந்தவராயிருந்தால் போதும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் அவருடைய தந்தையும் இங்கே பிறந்திருக்கவேண்டும் என்று விதித்தது. என் தகப்பனார் மாத்தளையில் பிறந்தவர். அவருடைய தந்தையும் மாத்தளையில் பிறந்தவர் என்பதற்கான அத்தாட்சி ஓர் ஏட்டில் இருந்துகொண்டே இருந்திருக்கிறது. அது கைக்கு வந்திருந்தால் என் தகப்பனார் சட்டப்படியே இலங்கைப் பிரஜை. அவர் மகனாகிய நானும் பிரஜை. குடும்ப அட்டையும் இராமானுஜம் கப்பலும் எங்களுக்கு வேண்டியிருந்திரா. 1949-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பம் செய்யப்பட்டு, 1,34,000 பேர் மாத்திரமே ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள் என்பதைப் படித்திருக்கிறேன். அந்த மற்றவர்களுள் எத்தனை பேருக்கு இப்படி ஒரு வெறுங்கட்டம் காத்துக்கிடக்கிறதோ என்று நினைக்கும்போது துக்கமும் கோபமும் ஒருங்கே எழுகின்றன. நூறாண்டுக் காலம் தலைகளை மாத்திரம் எண்ணிவிட்டு, திடீரென்று ஒரு நாள், உன் பாட்டன் யார், அவன் எங்கே பிறந்தான், எழுத்தில் காட்டு என்று கேட்டது அநியாயம். 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் அங்கே எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை அளித்தது மெய்தான், கப்பலேறியவர்கள் கப்பலேறியவர்களே.

அருணாசலத்தின் 1901-ஆம் ஆண்டு அறிக்கையில் மாத்தளை மாவட்டத்துக்குரிய பக்கத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். தோட்டத்து ஆண்களின் தொகையில், ஒரு வயதுக் குழந்தையாகிய என் பாட்டனாரும் ஒருவராய்ச் சேர்ந்திருக்கிறார்.

அத்தையின் வீட்டுக்கு இச்செய்தி பரவியபின், லயத்துக்காரர்கள் தத்தம் பாட்டன் பாட்டிமார் பிறந்த காலத்துச் சங்கதிகளைச் சொல்லிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். கோப்பியில் பூஞ்சணம் விழுந்த காலம், மாத்தளைக்குக் கோச்சி வந்த வருஷம், இன்ன துரை குதிரையிலிருந்து விழுந்த மழைக்காலம் என்று அவர்கள் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் ஆண்டு காணமுடியும். கோச்சி வந்தது 1880 என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. தோட்டத்துப் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் ஒரு கொப்பியில் இவற்றை எழுதிவருகிறார். மலையில் இன்னும் நிற்கும் மற்றக் கங்காணிமார் சமாதிகளின் எழுத்துகளை, மண்சரிவு கொண்டுபோகுமுன் படியெடுத்துத் தருவதாகப் பையன்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நான் கோத்தகிரிக்குத் திரும்பியதும், குடும்ப அட்டையில் பூர்வீகம் என்று எழுதியிருக்கும் புதுக்கோட்டைச் சீமைச் சிற்றூருக்குப் போய், கொள்ளுப்பாட்டியின் பெயரைச் சொல்லி அவள் பிறந்த வீட்டாரை விசாரிப்பதாக இருக்கிறேன்.