சிராங்கூன் ரோடும் சிக்கன டெலிபோனும்

ஸிங்கப்பூர்ப் பிரயாணம் என்றால் யோசனை சொல்ல நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சம் கிடையாது. "முஸ்தபா கடைக்குள் போகாமல் திரும்பாதே!" என்பார் ஒருவர். "மெர்லயன் சிலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்!" என்பார் இன்னொருவர். அதெல்லாம் நடக்கட்டும். உங்கள் பிரயாணத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து வந்தால், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் சிராங்கூன் ரோட்டுக்குப் போங்கள். தேக்கா மார்க்கெட் வாசலில் ஓரமாக ஓர் இடம் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் சும்மா நில்லுங்கள். டிக்கெட் கிடையாது, வேடிக்கைக்குக் குறைவும் கிடையாது.

முதலில் தெருப் பெயர்களைப் படித்துப் பாருங்கள். ஒன்று பஃபலோ ரோடு. பக்கத்தில் உள்ளது கெர்பாவ் ரோடு. மலாய் மொழியில் கெர்பாவ் என்றால் எருமை. ஆக, ஒரே எருமை இரண்டு தெருக்களுக்கும் பெயர் கொடுத்திருக்கிறது! ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் மாட்டு வியாபாரம் ஜாம்ஜாமென்று நடந்ததன் அடையாளம் அது. இப்போது மாடுகள் இல்லை. வாழைத்தார், முருங்கைக்காய், மல்லிகைச் சரம், நகைக் கடை, பணம் அனுப்பும் கடை, இட்டிலிக் கடை என்று மயிலாப்பூரையும் மதுரையையும் பிய்த்துக்கொண்டு வந்து ஒட்ட வைத்தாற்போல் இருக்கிறது.

ஞாயிறு மாலையில் இங்கே கூடுகிற கூட்டம் தனி ரகம். கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறை வேலைக்கும் வந்த ஆண்கள். புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு காதில் விழும். நடுவே வங்காளமும் கலந்து வரும். வாரம் முழுவதும் தலையில் கவசத் தொப்பியோடு இருந்தவர்கள், அன்றைக்கு மட்டும் தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு வருகிறார்கள்.

அவர்களில் பலர் தனக்குத்தானே பேசிக்கொண்டு போவதைக் கவனிப்பீர்கள். பயப்பட வேண்டாம். கையில் டெலிபோன், அதன் கண்ணாடிக்குள் ஒரு சமையலறையோ திண்ணையோ தெரியும். வீரமாகாளியம்மன் கோவில் வாசலில் ஒருவர் டெலிபோனைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "கோபுரம் தெரியுதாம்மா? கும்புட்டுக்க!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் இருக்கும் தாயாருக்கு ஸிங்கப்பூர்க் காளி தரிசனம்! அந்த அழைப்புக்கு நிமிஷத்துக்கு எவ்வளவு என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க" என்றார்.

இந்த 'ஒண்ணுமில்லீங்க' எளிதில் வந்துவிடவில்லை. மலிவாகப் பேசுவது எப்படி என்ற வித்தையை இந்தத் தெருவில் ஒரு தலைமுறை ஆட்கள் பட்டுப் பட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

1996-ல் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து, இன்னும் கப்பல் பட்டறையில் இருக்கும் ஒருவரோடு டீ சாப்பிட்டேன். அந்நாள் கதையை அவர் சொல்லக் கேட்க வேண்டும்.

"வீட்ல போன் ஏது ஸார்? கடை வீதியில ஒரே ஒரு எஸ்.டி.டி. பூத். 'வர்ற ஞாயித்துக்கிழமை நாலரை மணிக்கு வந்து உக்காரு'ன்னு பத்து நாளைக்கு முன்னாலயே கடுதாசி போட்டுடணும். நமக்கு இங்க ஏழு மணி. அவ பச்சைப் புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்து பெஞ்சுல காத்திருப்பா. அவளை மாதிரி நாலு பேரு வரிசையா இருப்பாங்க."

இங்கே அவர் பொது டெலிபோனில் கார்டைச் செருகுவார். மீதிப் பணம் எத்தனை என்று ஒரு சின்ன ஜன்னலில் எண்கள் தெரியும். பேசப் பேச அவை இறங்கும். முதல் நிமிஷம் 'ஹலோ, ஹலோ, கேக்குதா?' என்பதிலேயே கரைந்துவிடும். அதனால் அந்த அம்மாள் என்ன செய்வாராம் தெரியுமா? பேச வேண்டியதையெல்லாம் காலண்டர்த் தாளின் பின்புறத்தில் வரிசையாக எழுதிக்கொண்டு வருவாராம். சீட்டுப் பணம், மாமியாரின் கண் ஆபரேஷன், வேலித் தகராறு. பூத்தில் மற்றவர்கள் காது கொடுத்துக்கொண்டிருக்க, அதை அப்படியே ஒப்பிப்பாராம். "எப்படி இருக்கேன்னு கேக்க மறந்துட்டேன்" என்று அடுத்த கடிதத்தில் எழுதுவாராம்!

உங்களில் முப்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் பூத் வாசலில் நின்ற ஞாபகம் இருக்கும். இரவு பதினொரு மணிக்கு மேல் கால் கட்டணம் என்பதற்காகத் தூக்கம் விழித்து, வெளியூர்ப் பெண்ணோடு பேசிய தாய்மார்கள் எத்தனை பேர்! கட்டணம் குறையும்போதுதான் நம் பாசமும் விழித்துக்கொள்ளும்.

காசே இல்லாமல் பேசும் வழிகளும் இருந்தன. இரண்டு மணி அடித்து நின்றால் 'பணம் அனுப்பியாகிவிட்டது'. மூன்று அடித்தால் 'கடிதம் வருகிறது'. யாரும் எடுக்கக் கூடாது, எடுத்தால் காசு! ஊருக்குப் போகிற ஆளிடம், ஒரு மணி நேரம் பேசிப் பதிவு செய்த கேசட்டைக் கொடுத்து அனுப்பியவர்களும் உண்டு. பதில் கேசட் வர மாதங்கள் ஆகும். ஆனால் நிமிஷக் கணக்கு இல்லை பாருங்கள்!

இன்னும் விவரம் தெரிந்தவர்களுக்கு எண் வித்தை. ஸிங்டெல் கம்பெனியில் 001 போட்டு இந்தியாவைக் கூப்பிட்டால் ஒரு விலை. 019 போட்டுக் கூப்பிட்டால் குறைந்த விலை. அதே கடல், அதே ஊர், அதே மனைவி. முன்னால் போடும் மூன்று எண் மாறினால் பில் மாறிவிடும்! பிறகு வந்தது சுரண்டும் கார்டு. ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி கொடுத்து வாங்கி, வெள்ளிப் பூச்சை நாணயத்தால் சுரண்டினால் ஒரு நீண்ட ரகசிய எண். முதலில் ஓர் உள்ளூர் நம்பர், பிறகு ரகசிய எண், பிறகு ஊர் நம்பர். முப்பது எண்ணை மூச்சு விடாமல் அழுத்த வேண்டும். ஒன்று தப்பினால் திரும்ப முதலிலிருந்து!

கார்டின் முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த நிமிஷக் கணக்கை நம்பினவர்கள் ஏமாந்தார்கள். இணைப்புக்கு என்று தனிக் கட்டணம் பிடிப்பார்கள். ஒரு நிமிஷமும் இரண்டு விநாடியும் பேசினால் இரண்டு நிமிஷம் என்பார்கள். கெடு தாண்டினால் மிச்சப் பணம் போயே போச்சு. "எந்தக் கார்டு எத்தனை நிமிஷம் நிஜமா ஓடும்னு தேக்காவுல ஒரு ரவுண்டு வந்தா தெரிஞ்சுடும் ஸார். பேப்பர்ல வராது" என்றார் நண்பர்.

அத்தனை விலை ஏன் இருந்தது? ஸிங்கப்பூரிலிருந்து பட்டுக்கோட்டைக்குப் போகும் பேச்சு மூன்று சுங்கச் சாவடிகளைத் தாண்ட வேண்டும். ஸிங்கப்பூரை விட்டு வெளியேற ஒன்று, கடலைக் கடக்க ஒன்று, இந்தியாவுக்குள் நுழைந்து வீடு சேர ஒன்று. முதல் சாவடியில் இருந்த பழைய ஏகபோகம் 2000 ஏப்ரல் 1-ந் தேதியோடு முழுதும் நீங்கிற்று. நம் பக்கத்தில் வி.எஸ்.என்.எல். ஒன்றுக்கே இருந்த தனியுரிமை 2002 மார்ச் கடைசியில் முடிந்தது. அதே 2002-ல், சென்னைக்கும் ஸிங்கப்பூருக்கும் நேராகவே கடலடியில் சுமார் 3,200 கிலோ மீட்டருக்கு ஒரு கண்ணாடி இழைக் கேபிள் வந்தது. மூன்று சாவடியிலும் போட்டி வந்ததும் விலை சரியத் தொடங்கியது. 2003 மே மாதம் முதல் நம் ஊரில் செல்போனுக்கு வரும் அழைப்பு இலவசமாயிற்று. பூத் பெஞ்சில் காத்திருந்த அம்மாள் ஒரு சின்ன செல்போன் வாங்கிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்தார்.

மிகமிக மலிவான கார்டுகளில் ஒரு திருட்டு வேலையும் இருந்தது. கணவர் பேசுவது ஸிங்கப்பூரிலிருந்து. டெலிபோனில் தெரிவதோ ஏதோ உள்ளூர் நம்பர்! எங்கோ ஓர் அறையில் ஒரு பெட்டி நிறைய ஸிம் கார்டுகளைச் செருகி வைத்து, இன்டர்நெட் வழியாக வரும் வெளிநாட்டுப் பேச்சை உள்ளூர்ப் பேச்சாக மாற்றிவிடுவார்கள். மூன்றாவது சாவடியில் கட்ட வேண்டிய பைசா அவர்களுக்கு மிச்சம். (அந்தப் பைசாவை விதிப்பது டிராய். 2018 பிப்ரவரியில் நிமிஷத்துக்கு 53-லிருந்து 30 பைசாவாக்கினார்கள். பிறகும் அது மாறியிருக்கிறது.) போலீஸார் அவ்வப்போது பிடிக்கிறார்களே 'கள்ள எக்ஸ்சேஞ்ச்', அது இதுதான். வீட்டில் ஓர் ஆபத்து என்று அந்த நம்பரைத் திருப்பிக் கூப்பிட்டால் கணவர் கிடைக்க மாட்டார்.

இலவச காலம் பிறந்தது இதற்கும் பின்னால். வாட்ஸப்பில் பேச்சு வந்தது 2015-ல்; முகம் பார்த்துப் பேசுவது 2016-ல். ஆனால் ஸிங்கப்பூரில் மட்டும் இன்டர்நெட் இருந்து என்ன பயன்? பட்டுக்கோட்டையிலும் இருக்க வேண்டுமே! 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவின் விலையைக் கவிழ்த்த பிறகுதான் கிராமத்து அடுப்பங்கரை வரைக்கும் படம் வந்தது. ஸிங்கப்பூரிலோ 2017 ஏப்ரலில் பழைய 2ஜி சேவையையே மூடிவிட்டார்கள். பட்டன் போனை விடாப்பிடியாக வைத்திருந்த தொழிலாளர்களும் புதுப் போன் வாங்கும்படி ஆயிற்று.

அது எத்தனை உதவி என்பது 2020-ல் தெரிந்தது. கொரோனா பரவியபோது தொழிலாளர் விடுதிகளை அப்படியே அடைத்தார்கள். ஏப்ரலிலிருந்து மாதக் கணக்கில் அறைக்குள் வாசம். நோய் அதிகம் தாக்கியதும் அந்த விடுதிகளைத்தான். "ஊர்ல டி.வி.யைப் பாத்துட்டு அழுவாங்க. மூஞ்சியைக் காட்டினாத்தான் நம்புவாங்க. குரல் மட்டும்னா, 'ஆஸ்பத்திரியில இருந்துக்கிட்டுப் பொய் சொல்றே'ம்பா" என்றார் நண்பர். அவர் அறையில் பன்னிரண்டு பேர். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்களாம்.

உங்கள் பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இருந்தால் இன்னும் சில விஷயங்கள் தெரிந்திருப்பது நல்லது. நம் பாங்குகள் போடும் 1800 இலவச நம்பர் பொதுவாக இந்தியாவுக்கு வெளியே ஊமை. கார்டின் முதுகில் சிறிய எழுத்தில் வேறொரு சாதாரண நம்பர் இருக்கும். அதைக் குறித்துக் கொடுத்தனுப்புங்கள். ஸிங்கப்பூரிலும் ஒரு 1800 உண்டு. வீட்டு டெலிபோனிலிருந்து இலவசம். செல்போனிலிருந்து பேச்சு நேரத்தில் கழியும். 1900 என்று தொடங்கினால் கூடுதல் கட்டணம். பிரிட்டனில் 0800 இலவசம், 03 சாதாரணக் கட்டணம், 084-ம் 087-ம் பர்ஸைக் கடிக்கும். நீங்களே பிரயாணம் போகிறீர்களா? ரோமிங் 'பாக்' போடாத நம் ஊர் ஸிம்மில், வந்த அழைப்பை எடுத்தாலே காசு. பாஸ்போர்ட்டைக் காட்டி அங்கேயே ஒரு ஸிம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்டர்நெட்டிலிருந்து சாதாரண டெலிபோனைக் கூப்பிடும் சேவைகளில் மொத்தமாகப் பணம் கட்டி வைக்க வேண்டாம். உலகப் புகழ் பெற்ற ஸ்கைப்பே 2025 மே மாதத்தில் கடையைக் கட்டிவிட்டது! தெரியாத வெளிநாட்டு நம்பரிலிருந்து ஒரே ஒரு மணி அடித்து நின்றால் திருப்பிக் கூப்பிடவே கூடாது. கூடுதல் கட்டண நம்பருக்கு உங்களை இழுக்கும் தூண்டில் அது.

டீயை முடித்துக்கொண்டு நண்பரும் நானும் முஸ்தபா கடைக்குப் போனோம். அடுத்த வாரம் ஊருக்குப் போகிற ஆளிடம் கோடாலித் தைலம் கொடுத்தனுப்ப வேண்டுமாம். அலமாரிக்கு முன்னால் நின்று வீட்டுக்குப் போன் போட்டார். பெரிய பாட்டிலா, சின்ன பாட்டிலா? பச்சை மூடியா, பக்கத்தில் இருப்பதா? டெலிபோனை அலமாரியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாக நகர்த்திக் காட்டினார். அந்த அம்மாள் அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாக விலை கேட்டார். சின்ன பாட்டில் இரண்டு என்று முடிவாகப் பதினைந்து நிமிஷம் ஆயிற்று.