மஞ்சள் முக்கோணம்

கவுன்டரில் என் முன்னால் இருப்பது திரை மட்டும். அதில் தெரியும் விண்டோஸ் சர்வர் 2016 தலைமை அலுவலகத்தில் இருக்கிறது. அங்கும் தனி இயந்திரமாக இல்லை. பெரிய இயந்திரம் ஒன்றின் நினைவகத்தை மென்பொருள் கூறுபோட்டதில் ஒரு பங்கு. மெய்நிகர் என்கிறார்கள்.

சென்ற பங்குனியில் ஒரு காலை, திரையின் மூலையில் மஞ்சள் முக்கோணம். இணைய இணைப்பு இல்லை என்றது. மரக்காணம் உப்பளத்தில் பாத்தி வேலையை விட்டு வந்திருந்த ஓர் அம்மாளிடம், "லைன் இல்லம்மா, நாளைக்கு வாங்க" என்றேன். "நாளைக்கும் கூலி போயிடும் தம்பி" என்றாள். நான் முக்கோணத்தைக் காட்டினேன்.

அவள் போனபின் ஒரு கணக்கைத் திறந்து பார்த்தேன். திறந்தது. எரிச்சலாக இருந்தது. இணைப்பு அறுந்திருந்தால் திரையே செத்திருக்கும். இணைப்பு இல்லை என்ற செய்தி எனக்கு வந்து சேர்ந்ததே இணைப்பின் வழியாகத்தான்.

தொலைபேசியில் பொறியாளர் விளக்கினார். விண்டோஸ் மைக்ரோசாஃப்டின் குறிப்பிட்ட ஒரு முகவரிக்குப் போய் ஒரு சிறு கோப்பைக் கேட்கும். அதில் 'மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்' என்ற மூன்று சொற்கள் அப்படியே இருக்கவேண்டும். கோப்பு வராவிட்டாலும், வேறு வாசகம் வந்தாலும், அதன் கணக்கில் இணையம் இல்லை. எங்கள் ஃபயர்வால் அந்தக் கேள்வியை வாசலிலேயே மறித்திருக்கிறது. கணக்குகள் வங்கியின் உள்வலையில் ஓடுபவை. அவற்றுக்கு இந்தக் கேள்வியோடு சம்பந்தமே இல்லை.

ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை 1-லிருந்து 0 ஆக்கினால் கேள்வி கேட்பதையே நிறுத்திவிடும், முக்கோணம் போய்விடும் என்றார். வேண்டாம் என்றேன். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது சுனாமி எச்சரிக்கை வந்தது. கடல்தரை பக்கவாட்டில் நகர்ந்ததால் பேரலை எழவில்லை. 2004-ஐப் பார்த்த கரை இது. அதற்காக எச்சரிக்கையே வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லமாட்டார்கள். கேள்வி வெளியே போக வாசலைத் திறந்துவிடுங்கள் என்றேன். மேலிடத்தில் அனுமதி கேட்கவேண்டும் என்றார்.

மாலை இடையஞ்சாவடிக்குத் திரும்பும்போது பஸ்ஸில் வேறொன்று உறுத்தியது. சில வருஷங்களுக்கு முன் ஒரு கட்டுரையில், இந்தக் கடற்கரையிலிருந்து கவிதை என்று சொல்ல எதுவும் வரவில்லை என்று எழுதினேன். கல்லூரியில் எலியட்டைப் படித்த கையோடு, ஒரே முகவரிக்குக் கேள்வி அனுப்பி, எதிர்பார்த்த சொற்கள் எதிர்பார்த்த வரிசையில் வராததால் போட்ட தீர்ப்பு. வேறு வாசகத்தோடு வந்த பதில்களும் அன்று என் மேஜைமேல் கிடந்தன. இரண்டு பேர் அதற்குப் பிறகு எழுதவில்லை. என் கட்டுரைதான் காரணம் என்று சொல்லிக்கொள்வது அகந்தை. இல்லை என்பது சௌகரியம்.

மறுநாள் அந்த அம்மாள் வந்தாள். திரையை எட்டிப் பார்த்து, "இன்னிக்கு இருக்கா தம்பி?" என்றாள். முக்கோணம் அப்படியே இருந்தது.

"இருக்கும்மா" என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டேன்.