இரவு வண்டியும் நம் மாணாக்கியரும்

கல்விக்கு இரவு பகல் என்னும் வேறுபாடு இல்லை. ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய சோதனை மாலை மணி அடித்தவுடன் முடிந்துவிடுவதில்லை. தேர்வு நெருங்கும் நாட்களில் நூலகத்து நாற்காலிகள் நள்ளிரவிலும் நிறைந்தே இருக்கின்றன. ஆயின், படித்து முடித்தபின் வீடு திரும்பும் வழிக்கு இரவு பகல் உண்டு. பகலில் பத்து நிமிஷத்தில் நடந்து கடக்கும் சாலை, இரவு பதினொரு மணிக்கு வேறொரு சாலையாகிவிடுகிறது. தலைநகராம் தில்லியில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், பெண் குழந்தையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியுள்ள எவரும் இதனை நன்கு அறிவர்.

இந்நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்று, தன் மாணாக்கர் பொருட்டு இரவில் கட்டணமில்லா வண்டி நடத்தி வருகின்றது. பெயர் இங்கு வேண்டா. பன்னிரண்டு பேர் அமரத்தக்க சிறு வண்டிகள் இரண்டு, நூலகம், ஆய்வுக்கூடங்கள், விடுதிகள், மெட்ரோ நிலையம் ஆகியவற்றைச் சுற்றி வருகின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இவ்வகை வண்டிகள் நெடுங்காலமாக ஓடுகின்றன. நம் நாட்டில் இவை இன்னும் அருமை. ஆகவே, இதனைத் தொடங்கியவர்களுக்கு முதற்கண் நன்றி கூறுவது நம் கடமை. நல்ல காரியத்தில் காணும் குறையை எடுத்துக் கூறுவதும் அந்நன்றியின் ஒரு பகுதியே என்று கொண்டு மேலே எழுதுகிறோம்.

நம் தமக்கையின் மகள் கும்பகோணத்திலிருந்து வந்து, நம் இல்லத்தில் தங்கி, அப்பல்கலைக்கழகத்தில் வேதியியல் முதுகலை பயில்கிறாள். சென்ற ஆவணியில் ஓர் இரவு, பத்து மணிக்கு வரவேண்டிய வண்டி பத்து நாற்பதுக்கு வந்தது. அதில் நிற்கவும் இடமில்லை. அதன் பின்னாலேயே மற்ற வண்டியும் வந்தது. அதில் மூவரே இருந்தனர். அதில் ஏறி அவள் மெட்ரோ நிலையத்தை அடைந்தபோது கடைசி ரயில் போய்விட்டது. செய்தி அறிந்து நாம் ஓடிச் சென்றபோது, இழுத்துப் பூட்டிய கதவருகே, நிலையக் காவலர் ஒருவர் துணையுடன் நின்றுகொண்டிருந்தாள். கெடுதல் ஒன்றும் நேரவில்லை. வரும் வழியில் அவள் சொன்னது மட்டும் மறக்கவில்லை: "வண்டி வராவிட்டால்கூடப் பரவாயில்லை, மாமா. வருமா வராதா என்று தெரியாமல் நிற்பதுதான் பயமாக இருக்கிறது."

செய்தி ஊருக்கு எட்டியது. மறுநாளே தமக்கையின் கணவர் தொலைபேசியில் அழைத்தார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "தீபாவளி வரையில் பார்ப்போம். ஓர் ஒழுங்கு ஏற்படாவிட்டால் பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விடுகிறேன். படிப்பு எங்கும் படிக்கலாம்" என்றார். முதல் வகுப்பில் தேறி, தானே விண்ணப்பம் எழுதி, இத்தனை தொலைவு வந்த பெண்ணின் படிப்பு, ஒரு வண்டி நாற்பது நிமிஷம் பிந்தியதால் நின்றுவிடக்கூடிய நிலையில் இருக்கிறது.

அவருடைய அச்சத்தை நாம் பழிக்கமாட்டோம். 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் இரவை இந்நகரம் மறக்கவில்லை. நம்மவர் பலர் குடியிருக்கும் முனிர்க்காவின் பேருந்து நிறுத்தத்தில், இயன்மருத்துவம் பயின்ற பெண்ணொருத்தி தன் நண்பருடன் வீடு திரும்ப வண்டி தேடி நின்றாள். கிடைத்த தனியார் பேருந்தில் ஏறினாள். அதன் பின் நடந்ததை ஈண்டு எழுத வேண்டுவதில்லை. டிசம்பர் 29-ஆம் நாள் அவள் உயிர் நீத்தாள். நாட்டையே உலுக்கிய அந்நிகழ்ச்சியின் தொடக்கத்தில் இருந்தது, நம்பத்தக்க வண்டி ஒன்று உரிய நேரத்தில் கிடைக்காமை என்பதை மட்டும் நினைவில் இருத்துவோம்.

நாம் மெட்ரிக் தேறியதோடு நின்றவர். ரயில்வேயில் எழுத்தராகப் பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. பெரிய திட்டங்கள் தீட்டும் கல்வி நமக்கு இல்லை. ஆயினும் வண்டி, நேரம், காத்திருக்கும் பயணி ஆகிய மூன்றைப் பற்றி நம் இலாகா பல தலைமுறைகளாகக் கற்ற பாடங்கள் சில உண்டு. புறாக்கூண்டு போன்ற நம் அலுவலகத்து மேஜையிலிருந்தே அவற்றை நாள்தோறும் காண்கிறோம். மூன்று இரவுகள் அவ்வளாகத்தில் நின்று பார்த்தபின், பின்வரும் யோசனைகள் தோன்றின.

முதலாவது, நேரம். பயணிகள் ரயிலை, அறிவித்த நேரத்துக்கு முன் நிலையத்திலிருந்து புறப்பட விடுதல் ஆகாது என்பது ரயில்வே விதி. இரவு வண்டியின் ஓட்டுநரோ இருக்கைகள் நிறைந்தவுடன் கிளம்பிவிடுகிறார், நிறையாவிட்டால் காத்திருக்கிறார். இது அவர் குற்றமன்று. அவர் கையில் கால அட்டவணை எதுவும் தரப்படவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நேரம் குறித்து, அதனைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, நிறுத்தந்தோறும் ஒட்டவேண்டும். வண்டி எங்கே வருகிறது என்று கைப்பேசியில் காட்ட ஏற்பாடு நடக்கிறதாம், நடக்கட்டும். இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்த பெண்ணுக்குச் சுவரில் ஒட்டிய காகிதமே துணை. அன்றியும், அட்டவணையைக் கடைசி மெட்ரோ ரயிலிலிருந்து பின்னோக்கி வகுக்கவேண்டும். ரயில்வேயில் இணைப்பு வண்டி என்பது இதுவே. கடைசி ரயிலுக்குக் கால் மணி முன்னதாக நிலையத்தைச் சேராத வண்டி, எவ்வளவு விரைவாக ஓடினாலும் பயனில்லை.

இரண்டாவது, இடைவெளி. ஒரு சுற்றுக்கு 40 நிமிஷம் ஆகிறது. இரண்டு வண்டிகளும் சரியான இடைவெளியில் ஓடினால் 20 நிமிஷத்துக்கு ஒரு வண்டி கிடைக்கும். சராசரியாகப் பத்து நிமிஷம் நின்றால் போதும். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி ஓடினாலோ 40 நிமிஷத்துக்கு ஒரு முறைதான் வண்டி. காத்திருப்பு இரட்டிப்பாகிறது. செலவும் எண்ணெயும் ஆளும் அதுவே! இவ்வாறு ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் உண்டு. முன் வண்டி சிறிது பிந்தினால் நிறுத்தத்தில் கூட்டம் சேர்கிறது. கூட்டம் ஏற ஏற அது மேலும் பிந்துகிறது. பின் வண்டிக்கு ஆள் குறைந்து அது விரைந்து நெருங்கிவிடுகிறது. பரிகாரம் எளிது. நூலக வாயிலில் ஒரு காவலர் கடிகாரத்துடன் நின்று, உரிய நேரம் வரும்வரை வண்டியை விடாதிருந்தால் போதும். நிலைய அதிகாரி செய்யும் வேலை இதுவேயன்றோ? புது வண்டி வாங்காமலே காத்திருப்பைப் பாதியாக்கலாம்.

மூன்றாவது, கணக்கு. இதனை அன்பர்கள் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். வண்டியில் எத்தனை பேர் ஏறினர் என்று ஓட்டுநர் குறித்து வைக்கிறார். இடமின்றி நின்றுவிட்டவர் எத்தனை பேர் என்பதை எவரும் குறிப்பதில்லை. ஆகவே நிர்வாகத்தின் ஏட்டில் "பன்னிரண்டு இருக்கை, பன்னிரண்டு பேர்" என்று அழகாக இருக்கிறது. ரயில்வேயில் முன்பதிவுக்குக் காத்திருப்போர் பட்டியல் உண்டு. அப்பட்டியல் நீளும்போதுதான் கூடுதல் பெட்டியும் சிறப்பு ரயிலும் பிறக்கின்றன. இரவு வண்டிக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லாமையால், நடந்து சென்ற பெண்கள் கணக்கில் இல்லாதவராயினர். விட்டுச் சென்றோர் தொகையை ஒரு மாதம் எழுதி வந்தால், மூன்றாவது வண்டி வேண்டுமா வேண்டாவா என்பது தானே விளங்கும்.

நான்காவது, நிற்கும் இடம். பெண்களுக்கெனப் பெட்டி ஒதுக்கவேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 58-ஆம் பிரிவு. 1992 மே 5-ஆம் நாள் சர்ச்கேட்டிலிருந்து போரிவலிக்கு மகளிர் மட்டும் செல்லும் ரயிலே விடப்பட்டது. வண்டிக்குள் பாதுகாப்பு தேடிய நாம், வண்டிக்கு வெளியே நிற்கும் நேரத்தை மறக்கலாகாது. அவ்வளாகத்து நிறுத்தம் ஒன்று மரநிழலில், விளக்கு எரியாத கம்பத்தின்கீழ் இருக்கிறது. இருபது அடி தள்ளி, விளக்கும் காவலரும் உள்ள நூலகக் கூடம் இருக்கிறது. நிறுத்தத்தை அங்கே மாற்றுவதற்கு என்ன செலவு?

ஐந்தாவது, ஓட்டுநர். நாம் பேசிப் பார்த்த இருவரும் குடும்பஸ்தர்கள், பண்புள்ளவர்கள். ஒருவர் பகலில் வேறோர் இடத்தில் வண்டி ஓட்டிவிட்டு இரவில் இங்கே வருகிறார். ரயில் ஓட்டுநருக்குப் பணி நேரமும் ஓய்வும் வரையறுத்திருப்பது பயணியின் உயிருக்காகவே. இவர்க்கும் அது வேண்டும். பெண் விடுதி வாயிலுக்குள் நுழையும்வரை வண்டியை நிறுத்தி வைப்பதையும் பணியாகவே எழுதித் தரவேண்டும்.

இனி, ஆட்சேபங்கள். கட்டணம் வைத்தால் ஒழுங்கு வரும் என்பார் சிலர். பத்து ரூபாய் நமக்குச் சிறிது. மாதம் முழுவதும் கணக்குப் பார்த்துச் செலவிடும் மாணாக்கிக்குச் சிறிதன்று. கட்டணம் வைத்த அன்றே நடக்கத் தொடங்குபவள் ஏழைப் பெண்ணே. தில்லி அரசு 2019 அக்டோபர் 29 முதல் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் அளித்தது. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் அவ்வாறே அளிக்கப்பட்டது. இலவசம் என்பதனாலேயே ஒரு சேவை குறையுடன்தான் இருக்கும் என்பதில்லை.

"பெண்கள் இரவில் வெளியே இருப்பானேன்? விடுதிக் கதவை எட்டு மணிக்கே பூட்டினால் தொல்லையில்லையே" என்பார் வேறு சிலர். இவ்வாறு பூட்டுவதை எதிர்த்தே 2015-ல் இந்நகரத்து மாணவியர் "பிஞ்ச்ரா தோட்", அதாவது "கூண்டை உடை" என்னும் இயக்கத்தைத் தொடங்கினர். அவர்கள் முறைகளில் நமக்குச் சிற்சில வேற்றுமைகள் இருக்கலாம். ஆயின் சோதனைக் குழாயில் உள்ள திரவம் எட்டு மணிக்குக் கதவடைப்பு என்று அறியாது. ஆண் பிள்ளை பத்தரை வரை ஆய்வுக்கூடத்தில் இருந்து முடிக்கும் வேலையைப் பெண் பாதியில் விட்டு வந்தால், மதிப்பெண் பட்டியலில் அந்த வேறுபாடு தெரியும். அதன் காரணம் அதில் எழுதியிராது.

மேற்கண்ட யோசனைகளை ஒரு விண்ணப்பமாக எழுதி, நம் சங்க அலுவலகத்தில் வைத்துள்ளோம். அப்பல்கலைக்கழகத்தில் பிள்ளைகள் பயிலும் குடும்பத்தினர், வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை கூட்டத்துக்கு வரும்போது படித்துப் பார்த்துக் கையொப்பமிடலாம். தம் பிள்ளைகள் இரவில் எந்நேரம் எந்நிறுத்தத்தில் நிற்கின்றனர், எத்தனை நிமிஷம் நிற்கின்றனர் என்பதை ஒரு வாரம் குறித்துக்கொண்டு வந்தால் விண்ணப்பத்துக்கு வலிமை கூடும். பெயர் வேண்டா, நாளும் நேரமும் போதும். மாணவர் நல அதிகாரியைக் காணச் செல்லும்போது நம்முடன் வர இரண்டு தாய்மார்கள் முன்வந்தால் மிக்க நன்றியுடையோம். தீபாவளிக்கு இன்னும் அதிக நாளில்லை.