ஆறு உணரிகளும் அம்மாவும்

கும்பகோணத்தில் தனியே வசிக்கும் எங்கள் அம்மாவின் வீட்டில் ஆறு உணரிகளைப் பொருத்தியிருந்தோம். கூடம், அடுக்களை, படுக்கையறை மூன்றிலும் அசைவு உணரிகள். வாசற்கதவிலும் கொல்லைக்கதவிலும் ஒவ்வொன்று. அடுப்பருகே எரிவாயுக் கசிவைச் சொல்லும் ஒன்று. அப்பா மறைந்தபின், மூன்று ஊர்களில் இருக்கும் மூன்று பிள்ளைகளால் செய்ய முடிந்தது அதுவாகத்தான் இருந்தது. ஓராண்டு கழித்து அம்மா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: “நான் ராத்திரி எத்தனை தடவை எழுந்திரிக்கிறேன்னு நீங்க மூணு பேரும் எண்ணிக்கிட்டு இருக்க வேணாம், எல்லாத்தையும் எடுத்துடுங்க.”

எங்களுக்குள் இரண்டு வாரம் வாக்குவாதம் நடந்தது. அதை விவரிக்கப் போவதில்லை. வயதான பெற்றோரை ஊரில் விட்டு வந்த எவருக்கும் அது தெரிந்ததே. எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. எடுப்பது எப்படி என்ற கேள்வி அதன் பிறகுதான் வந்தது.

இவ்வுணரிகள் ஸிக்பீ என்னும் கம்பியில்லா முறையில் பேசுபவை. தேனீக்களின் நடனத்திலிருந்து எடுத்த பெயர் அது. அவற்றின் பேச்சை, அம்மாவின் அலமாரியில் இருக்கும் சிறு கணினியில் ஓடும் ஸிக்பீ-டு-எம்க்யூடிடி என்ற மென்பொருள் செய்திகளாக மாற்றித் தரும். ஹோம் அசிஸ்டண்ட் அவற்றைப் பதிந்துகொள்ளும். நோட்-ரெட் என்னும் தானியக்கக் கருவி விதிகளை நடத்தும். எம்க்யூடிடி 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக உருவான நெறிமுறை. எண்ணெய்க் குழாய்க்கு நாணம் என்று ஒன்று இல்லை.

ஓர் உணரியை நீக்க, அதன் பெயரைக் குறிப்பிட்டு நீக்கல் செய்தி ஒன்றை நோட்-ரெட்டிலிருந்து அனுப்பினால் போதும். ஆறு பெயர்கள், ஆறு செய்திகள். ஆனால் வரிசை முக்கியம். எங்கள் விதி ஒன்று இப்படி இருந்தது: காலை ஆறரைக்குள் அடுக்களையிலிருந்து அசைவுச் செய்தி வந்தால் எச்சரிக்கையை ரத்துசெய், வராவிட்டால் மூவரின் கைப்பேசியையும் அலறவிடு. உணரியை முதலில் நீக்கியிருந்தால், மறுநாள் காலை ஆறரைக்கு மூன்று ஊர்களிலும் அலறியிருக்கும். கீழே விழுந்து கிடக்கும் அம்மாவும், கழற்றி வைக்கப்பட்ட உணரியும் அந்த விதிக்கு ஒன்றே. எனவே விதிகளை முதலில் அழித்தோம்.

அடுத்து வந்ததுதான் எங்களை யோசிக்க வைத்தது. ஸிக்பீயில் மைய ஒருங்கிணைப்பி எந்தக் கருவியையும் தானாக வெளியேற்ற இயலாது. வெளியேறும்படி வேண்டத்தான் முடியும். மின்கலத்தில் இயங்கும் உணரிகளோ பெரும்பாலான நேரம் உறங்குபவை. உறங்கும்போது வேண்டுகோள் அவற்றின் காதில் விழுவதில்லை. வலுக்கட்டாயமாக நீக்கும் வழியும் உண்டு. ஆனால் அது பட்டியலிலிருந்து பெயரை அடிப்பது மட்டுமே. உணரியிடம் வலைப்பின்னலின் திறவுச்சொல் அப்படியே இருக்கும். தான் இன்னும் உறுப்பினர் என்றே அது எண்ணிக்கொண்டிருக்கும்.

அந்த வழியை எங்களில் ஒருவர் பரிந்துரைத்தார். திரையில் மறைந்துவிடும், அம்மாவுக்கும் சொல்லிவிடலாம் என்றார். மற்ற இருவரும் ஒப்பவில்லை. எடுத்துவிட்டோம் என்று சொன்னால் எடுத்திருக்க வேண்டும்.

ஆக, உணரியை எழுப்ப அங்கே ஒரு விரல் வேண்டியிருந்தது. காணொளி அழைப்பில் அம்மா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். உயரத்தில் இருந்தவற்றைப் பக்கத்து வீட்டுப் பையன் கழற்றிக் கொடுத்தான். அம்மா பொத்தானை அழுத்த, உணரி விழிக்க, அந்தக் கணத்தில் நாங்கள் செய்தியை அனுப்ப, நீல விளக்கு சிமிட்டி அணையும். படுக்கையறை உணரிக்கு மூன்று முறை முயல வேண்டியிருந்தது. “போக மாட்டேங்குதே, உங்கள மாதிரியே” என்றார் அம்மா.

பதிவுகள் மிஞ்சின. ஹோம் அசிஸ்டண்ட் இயல்பாகப் பத்து நாள் வரலாற்றைத்தான் வைத்திருக்கும். நாங்கள் அதை ஓராண்டாக நீட்டியிருந்தோம். அப்பா போன பிறகான முதல் மாதங்கள் அதில் இருந்தன. இரவு இரண்டு மணிக்குக் கூடத்தில் அசைவு, இரண்டரைக்குக் கொல்லைக்கதவு திறப்பு, நான்குக்கு அடுக்களை. அவற்றை அன்றே பார்த்திருந்தோம். எவரும் அம்மாவிடம் கேட்டதில்லை. தங்கை அதை மட்டும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்றாள். அம்மாவிடமே கேட்டோம். “எழுதி வெச்சதையும் சேர்த்துத்தான் சொன்னேன்” என்றார். அழித்தோம்.

எரிவாயு உணரியை மட்டும் அம்மா விட்டுவைத்தார், ஒரு நிபந்தனையோடு. கசிந்தால் அது வீட்டுக்குள் அலற வேண்டும். பக்கத்து வீட்டுக்குச் செய்தி போக வேண்டும். எங்களுக்கு வேண்டாம். “நீங்க அங்கேருந்து வந்து அடுப்ப அணைக்கப் போறீங்களா?” என்று கேட்டார். நோட்-ரெட்டில் எங்கள் மூன்று எண்களையும் நீக்கிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணைச் சேர்த்தோம்.